நாக்கால் கார்டு வாசிப்பது: மவுத் ஆர்கன் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு காலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மவுத் ஆர்கன் வாசிக்கிறவர்கள் நாலைந்து பேர் கூடுவோம். புதிதாக யார் வந்தாலும் இரண்டாவது வாரமே நாக்கைப் பற்றிய சந்தேகங்கள் ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் நேரில் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

வேறு வகை என்று சொல்லாத இடத்தில் எல்லாம் 10 துளை உள்ள, சி சுருதி டயடானிக் (ஒரு சுருதியின் ஏழு ஸ்வரங்களுக்கு மட்டும் செய்த சாதாரண வகை) மவுத் ஆர்கனைத்தான் சொல்கிறேன். கனமான ஸ்வரம் இடது பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடதுகோடித் துளை 1. '4 ஊதல்' என்றால் நாலாவது துளையில் ஊதுவது, '4 இழுப்பு' என்றால் அதே துளையில் மூச்சை உள்ளே இழுப்பது. சி என்பதை ச என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் டி ரி, எஃப் ம, ஜி ப, ஏ த.

டங் பிளாக்கிங் என்றால் என்ன? சும்மா ஊதினாலே சத்தம் வருகிறதே?

உதட்டால் 1 முதல் 4 வரை நான்கு துளைகளைக் கவ்விக்கொள்ளுங்கள். இடது பக்கத்து மூன்று துளைகளை நாக்கால் அடையுங்கள். வாயின் வலது ஓரத்தில் நாலாவது துளைக்கு மட்டும் வழி இருக்கும், தனி ஸ்வரம் கேட்கும். நாக்கை எடுத்தால் நான்கு துளையும் சேர்ந்து ஒலிக்கும், அதுதான் கார்டு. மறுபடி வைத்தால் மறுபடி தனி ஸ்வரம். இவ்வளவு நேரமும் உதடு அசையவில்லை, மவுத் ஆர்கனும் அசையவில்லை.

அடைப்பது என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் அடைப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். அடைப்பு ஒரு வாரத்தில் வந்துவிடும். எந்த நொடியில் நாக்கை எடுப்பது, எவ்வளவு நேரம் எடுத்தே வைத்திருப்பது என்பதில்தான் இந்த வாசிப்பின் உயிர் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும்.

கார்டு என்றால் கிட்டாரில் வாசிப்பார்களே, அதுவா? மவுத் ஆர்கனில் அது எங்கே இருக்கிறது?

அதேதான். ஒன்றோடொன்று இசையும் மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது. கிட்டாரில் விரலால் அதைக் கட்ட வேண்டும். மவுத் ஆர்கனில் செய்தவர்களே கட்டி வைத்துவிட்டார்கள். 1 முதல் 10 வரை ஊதினால் வரிசையாக ச க ப ச க ப ச க ப ச. இழுத்தால் ரி ப நி ரி ம த நி ரி ம த. இதற்கு ரிக்டர் அமைப்பு என்று பெயர்.

ஊதும் வரிசையைப் பாருங்கள். எங்கே வாயை வைத்தாலும் ச, க, ப தவிர வேறு ஒன்றும் வராது. அது சி மேஜர் கார்டு. இழுப்பில் 1 முதல் 4 வரை ரி ப நி ரி, அது ஜி மேஜர். 2 முதல் 5 வரை ப நி ரி ம, அது ஜி செவன்த். 4, 5, 6 இழுப்பு ரி ம த, அது டி மைனர்.

இரண்டாவது துளையின் இழுப்பில் ப எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். 3 ஊதலிலும் அதே ப இருக்கிறதே, வீண்தானே என்றான். நல்ல கேள்வி. கீழ் ஸ்தாயியில் ம, த இரண்டையும் விட்டுக்கொடுத்து அந்த இடத்தில் ப வைத்திருக்கிறார்கள். இழுக்கும்போது ஒரு முழுக் கார்டு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். இந்த வாத்தியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் நாடுகளின் கிராமத்து ஆட்டப் பாட்டுகளுக்காக வளர்ந்தது. மெட்டும் ஒரே ஆள், பக்கவாத்தியமும் அதே ஆள்.

உதட்டைக் குவித்தே எனக்குத் தனி ஸ்வரம் சுத்தமாக வருகிறது. எதற்கு இதை முதலிலிருந்து கற்க வேண்டும்?

தனி ஸ்வரம் மட்டும் போதும் என்றால் கற்கவே வேண்டாம். சீட்டி அடிப்பதுபோல உதட்டைக் குவித்து வாசிப்பது எந்த விதத்திலும் தாழ்ந்த முறை இல்லை. வேகமான மெட்டுகளுக்கும், ஸ்வரத்தை வளைப்பதற்கும், அதாவது சுருதியைக் கொஞ்சம் கீழே இறக்குவதற்கும் பலருக்கு அதுதான் சுலபம்.

ஆனால் அப்படி வாசிக்கும்போது நடுவில் கார்டு வேண்டுமென்றால் உதட்டை விரிக்க வேண்டும், திரும்பக் குவிக்க வேண்டும். மெட்டு அங்கே அறுந்துபோகும். நாக்கால் என்றால் மெட்டு ஓடிக்கொண்டே இருக்க, கார்டு அதன் அடியில் வந்து வந்து போகும். கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பதுபோல இருக்கும். நான் இரண்டு முறையையும் வைத்திருக்கிறேன். ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வாசிப்பேன்.

எந்த மவுத் ஆர்கன் வாங்கினால் நாக்குக்குச் சௌகரியம்?

சி சுருதி, 10 துளை. நாக்கு படும் பகுதி வழவழப்பாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சீப்பு போன்ற சட்டம் பிளாஸ்டிக்காக இருந்தால் கவலை இல்லை, ஹோனர் கம்பெனியின் ஸ்பெஷல் 20 அப்படிப்பட்டது. அதே கம்பெனியில் 1896 முதல் வருகிற பழைய மரைன் பேண்ட் மாடலில் அந்தச் சட்டம் மரம். எச்சில் பட்டுப் பட்டு மரம் ஊறினால் பல் பல்லாக வெளியே நீட்டிக்கொண்டு நாக்கையும் உதட்டையும் உரசும். அதன் கார்டு ஒலி எனக்கு உயிர், ஆனாலும் முதல் வாத்தியமாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

என்னிடம் அப்பா வாங்கிக் கொடுத்த 24 துளை மவுத் ஆர்கன்தான் இருக்கிறது. இதில் முடியாதா?

தாராளமாக முடியும். அது ட்ரெமோலோ வகை. மேலே 24, கீழே 24 என்று இரண்டு வரிசை இருக்கும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோகத் தகடு), இரண்டும் மயிரிழை சுருதி வித்தியாசத்தில். அந்த அலையடிப்பு அதனால்தான் வருகிறது. ஜப்பானில் இந்த வகையில் நாக்கால் தாளமும் கார்டும் சேர்த்துத் தனி ஆளாக வாசிக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு வித்தியாசம் உண்டு. இதில் ஒரு துளை ஊதலுக்கு, அடுத்த துளை இழுப்புக்கு என்று மாறி மாறி வரும். அதனால் ஒரு கார்டுக்கே நிறையத் துளைகளைக் கவ்வ வேண்டியிருக்கும், நாக்கும் அதிக அகலத்துக்குப் படிய வேண்டும். கீழ் ஸ்தாயியின் அடுக்கும் நான் மேலே சொன்ன வரிசையிலிருந்து மாறியிருக்கலாம். முதலில் ஒவ்வொரு துளையாக ஊதி, இழுத்து, ஒரு தாளில் ஸ்வரங்களை எழுதிக்கொள்ளுங்கள். இங்கே சொல்லும் துளை எண்கள் உங்களுக்குப் பொருந்தாது, நாக்கின் வேலை அப்படியே பொருந்தும்.

நாக்கின் எந்தப் பகுதியை வைப்பது? நுனியா?

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். 'ட' சொல்லிப் பாருங்கள், நாக்கு மேலே மடிந்து நுனி அண்ணத்தைத் தொடும். அது வேண்டாம். 'த' சொல்லுங்கள். நாக்கின் முன்பகுதி தட்டையாக, கொஞ்சம் அகலமாகப் பல்லில் படிகிறது அல்லவா? பல் இருக்கும் இடத்தில் மவுத் ஆர்கன் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நுனி லேசாகக் கீழே பார்க்க, அதற்குச் சற்று மேலே உள்ள அகலமான இடம்தான் துளைகளை மூட வேண்டும். கூர் நுனியால் மூடினால் ஒரு துளை, மிஞ்சினால் இரண்டுதான் மூடும்.

அடுத்து 'ல்' என்று நாக்கை வைத்தபடியே நிறுத்தி, காற்றை உள்ளே இழுங்கள். நாக்கின் ஓரங்களில் சில்லென்று ஒரு குளிர்ச்சி தெரியும். காற்று போகும் வழி அது. 'ல' சொல்லும்போது நாக்கு நடுவில் அடைத்திருக்க, ஓரங்களில் காற்று போகிறது. டங் பிளாக்கிங்கில் இடது ஓரத்தையும் மூடிவிட்டு வலது ஓரத்தை மட்டும் விடுகிறோம். சிலருக்கு இடது பக்கம்தான் அதிகம் குளிரும். பரவாயில்லை, நாக்கைக் கொஞ்சம் இடதுபுறம் தள்ளி வைத்துப் பழகினால் வலது ஓரம் திறந்துவிடும். மவுத் ஆர்கனைக் கையில் எடுப்பதற்கு முன் இந்த 'ல்' பயிற்சியை இரண்டு நாள் செய்யச் சொல்வேன். பேருந்தில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம்.

நான்கு துளையும் வாய்க்குள் போகவே மாட்டேன் என்கிறது.

நான்கு துளை சேர்ந்தால் சுமார் 3 செ.மீ. தான். வாய் சின்னது என்று நினைக்காதீர்கள், உதட்டின் வெளி விளிம்பால் கவ்வுவதுதான் காரணம். உதட்டைத் தளர்த்தி, உள்பக்கத்து ஈரமான பகுதி மேல் கீழ்த் தகடுகளில் உட்காரும்வரை மவுத் ஆர்கனை உள்ளே விடுங்கள். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் துளைகள் நாக்கை நோக்கி இறங்கும், நாக்கு எட்டிப் பிடிக்க வேண்டியிருக்காது. அதற்குப் பிறகும் சிரமம் என்றால் மூன்று துளையில் ஆரம்பியுங்கள். நாக்கு இரண்டை மூடட்டும், ஒன்று ஒலிக்கட்டும்.

நாக்கை வைத்தால் 'உஸ்' என்று காற்று போகிறது. ஸ்வரம் மங்கலாகக் கேட்கிறது.

இரண்டு இடத்தில் கசியலாம். உதட்டின் இடது ஓரத்தில் வெளியே போனால் சத்தம் இல்லாத வெறும் காற்று. நாக்குக்கு அடியில் அடைபடாத துளையில் போனால் பக்கத்து ஸ்வரம் மெலிதாகக் கலந்து கேட்கும். எது என்று தெரிய, நாக்கை வைத்தபடி வலது ஓரத்தில் திறந்திருக்கும் துளையை விரலால் மூடி ஊதுங்கள். முழு அமைதி வர வேண்டும். வராவிட்டால் கசிவு எங்கே என்று அந்த நொடியிலேயே காதுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு ஆரம்பத்தில் ஆறு மாதம் கசிந்துகொண்டே இருந்தது, எனக்கே தெரியாமல். செல்போனில் பதிவு செய்து கேட்ட அன்றுதான் நாலாவது துளை ஸ்வரத்துக்குப் பின்னால் மூன்றாவது துளை முனகிக்கொண்டிருப்பது தெரிந்தது. வாசிக்கும்போது நம் மண்டைக்குள் அதிரும் சத்தம் அதை மறைத்துவிடுகிறது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது பதிவு செய்து கேட்கிறேன். நாக்கை அழுத்தினால் கசிவு நிற்கும் என்று அப்போது நினைத்தேன். அது தவறு. அழுத்தினால் நாக்கு குவிந்து கூராகிறது, மூடும் அகலம் குறைகிறது. ஈரத் தாள் ஒட்டுவதுபோல லேசாகப் படிய வேண்டும்.

கார்டு வாசித்தால் நாலு வரிக்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. தலை சுற்றுகிறது.

நாக்கு மூடியிருக்கும்போது காற்று ஒரு துளையில் போகிறது. எடுத்தவுடன் நான்கு கதவு திறக்கிறது. அதே வேகத்தில் ஊதினால் காற்று கொட்டிவிடும். ஆகவே கார்டுக்கு மூச்சைக் கூட்டக் கூடாது, கண்ணாடியில் ஆவி பிடிக்க 'ஹா' என்று விடுவோமே, அந்த அளவு போதும். ரீட்கள் மெல்லிய காற்றிலேயே அழகாகப் பேசும். 2 இழுப்பு திக்குகிறது, வரவே மாட்டேன் என்கிறது என்பவர்களுக்கும் இதுதான் பதில். தொண்டையை இறுக்காமல், கொட்டாவி விடுவதுபோலத் திறந்து மெதுவாக இழுங்கள்.

மூச்சுக்கு நல்ல பயிற்சி ரயில். 1 முதல் 4 வரை கார்டாக, இரண்டு இழுப்பு, இரண்டு ஊதல், மெதுவாக ஆரம்பித்து வேகம் எடுப்பது. 1920களில் அமெரிக்காவில் நாஷ்வில் வானொலியில் டிஃபோர்ட் பெய்லி மவுத் ஆர்கனில் ரயிலை ஓட்டியே புகழ் பெற்றார். ஊதலும் இழுப்பும் சமமாக இருந்தால் நுரையீரல் நிரம்பியும் போகாது, காலியாகவும் ஆகாது. தலை சுற்றினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

எச்சில் நிறைய சேருகிறது. என்ன செய்வது?

ஆரம்பத்தில் எல்லோருக்கும் சேரும். வாய் மவுத் ஆர்கனை ஏதோ சாப்பாடு என்று நினைக்கிறது, சில வாரத்தில் பழகிவிடும். வாசிப்பதற்கு முன் இனிப்பு சாப்பிடாமல் வாயைத் தண்ணீரில் கொப்பளியுங்கள். முடித்ததும் துளைப் பக்கம் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் தட்டி உலர வையுங்கள்.

தாளத்தோடு எப்படிச் சேர்ப்பது? நாக்கை எப்போது வைக்க, எப்போது எடுக்க?

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு ஸ்வரம், 4 ஊதல். நீளமாக ஊதிக்கொண்டே இருங்கள். மூச்சை நிறுத்தவே கூடாது. அந்த ஒரே மூச்சுக்குள் நாக்கு மட்டும் வைத்து வைத்து எடுக்கட்டும். வைக்கும்போது ச மட்டும். எடுக்கும்போது அதே ச தொடர்ந்து ஒலிக்க, அதன் கீழே ச க ப வந்து சேரும். ச அறுபடவே கூடாது. கார்டு வரும்போது ச காணாமல் போனால் உதடு நகர்கிறது என்று அர்த்தம்.

அது கைவந்ததும் மனதுக்குள் 'தகிட தகிட' சொல்லுங்கள். 'த'வில் நாக்கு துளைகளின் மேல், தனி ஸ்வரம். 'கி', 'ட' இரண்டிலும் சின்னதாக எடுத்து வைப்பு, இரண்டு கார்டு. ஐரோப்பிய வால்ட்ஸ் ஆட்டத்தின் நடை இதுதான், மூன்று எண்ணிக்கை. நாலு எண்ணிக்கைக்குத் 'தகதிமி': 'த', 'தி' இரண்டிலும் தனி ஸ்வரம், 'க', 'மி' இரண்டிலும் கார்டு. மனதுக்குள் மட்டும் சொல்லுங்கள். தொண்டையால் 'க' சொல்ல ஆரம்பித்தால் காற்று வெட்டுப்படும்.

எடுக்கும் நேரம் குறையக் குறைய நடை துள்ளும். கூடினால் மெட்டு கார்டில் மூழ்கிவிடும். சூடான தோசைக்கல்லில் விரல் படுவதுபோல, அவ்வளவு சின்ன கார்டாக இருக்கட்டும் என்று சொல்வேன். எங்கள் மாடியில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு மாதம் இது பிடிபடவில்லை. ஒருநாள் இடது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வாசித்தார். கை எழும்பும் இடத்தில் நாக்கும் தானாக எழும்பியது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் அது. இப்போது எல்லோரையும் கையால் தாளம் போட வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன்.

முதலில் எந்தப் பாட்டை எடுத்துப் பழகலாம்? சினிமாப் பாட்டு வருமா?

சினிமாப் பாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். நோட்டுஸ்வரத்தில் ஆரம்பியுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேற்கத்திய பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சம்ஸ்கிருதச் சாகித்தியம் எழுதினாரே, அவைதான். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், அதாவது நம் மவுத் ஆர்கனில் இயல்பாக இருக்கும் ஸ்வரங்கள். மெட்டு பிறந்ததே கார்டுகளை மனதில் வைத்து என்பதால், நாக்கை எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். ராக ஆலாபனைக்கு அடியில் கார்டு போட்டால் கெடும், இதில் கெடாது.

'சியாமளே மீனாக்ஷி' எல்லோருக்கும் தெரிந்த ட்விங்கிள் ட்விங்கிள் மெட்டு. முதல் இரண்டு வரி ச ச ப ப த த ப, ம ம க க ரி ரி ச. துளைகள்: 4 ஊதல் இரண்டு தடவை, 6 ஊதல் இரண்டு தடவை, 6 இழுப்பு இரண்டு தடவை, 6 ஊதல். பிறகு 5 இழுப்பு, 5 ஊதல், 4 இழுப்பு ஒவ்வொன்றும் இரண்டு தடவை, முடிவில் 4 ஊதல். எந்தத் துளையில் வாசித்தாலும் நாக்கு அதற்கு இடது பக்கத்து மூன்றின் மேல் இருக்கும். முதலில் நாக்கை எடுக்காமல் ஒருமுறை வாசியுங்கள். அடுத்த முறை நீளமான ஸ்வரங்களில் மட்டும், அதாவது வரியின் கடைசி ப, கடைசி ச இரண்டிலும் எடுங்கள். அந்த இரண்டு கார்டுக்கே வீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதே பாட்டில் 'த' வரும் இடத்தில் நாக்கை எடுத்தால் ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?

உங்கள் காது சரியாகச் சொல்கிறது. அந்த இடத்துக்கு மெட்டு கேட்பது எஃப் மேஜர் கார்டு: ம த ச. முன்னே கொடுத்த வரிசையைப் பாருங்கள். ம, த இரண்டும் இழுப்பில், ச ஊதலில். ஒரே மூச்சில் ஊதவும் இழுக்கவும் முடியாது. ஆக எஃப் கார்டு இந்த வாத்தியத்தில் முழுதாக இல்லவே இல்லை. 6 இழுப்பில் நாக்கை எடுத்தால் 3, 4, 5 இழுப்பு சேர்ந்து நி ரி ம த வரும். அது ஜி கார்டின் உறவு, எஃப் இல்லை. அதனால்தான் உறுத்துகிறது.

மூன்று வழி இருக்கிறது. நாக்கை எடுக்காமல் தனி ஸ்வரமாகவே விடுவது ஒன்று. நான் பெரும்பாலும் அதைத்தான் செய்வேன். இரண்டாவது, நாக்கை ஒரு துளை அளவு இடதுபுறம் சுருக்கி 5, 6 இழுப்பு இரண்டையும் ஒலிக்க விடுவது. ம த இரண்டும் கேட்டால் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். மூன்றாவது, மெட்டு அனுமதித்தால் அந்த இடத்தை ஜி கார்டாகவே நினைத்துக்கொள்வது. அடுத்த வரியின் ம ம அப்படி ஒத்துப்போகும், ஏனென்றால் 5 இழுப்பின் கீழே இருப்பது ப நி ரி, சேர்ந்தால் முழு ஜி செவன்த். சினிமாப் பாட்டுக்கு அவசரம் வேண்டாம் என்றதற்கும் காரணம் இதுதான். அங்கே கார்டுகள் நிறைய மாறும், நம்மிடம் இருப்பது மூன்று நான்குதான்.

1, 2 துளைகளுக்கு இடது பக்கம் அடைக்க என்ன இருக்கிறது?

2 வாசிக்க 1 மட்டும் அடைத்தால் போதும், 3 வாசிக்க 1, 2. ஒன்றாவது துளைக்கு இடது பக்கம் ஒன்றுமில்லை. அதற்கு நாக்கைத் திருப்பி வலது பக்கத்துத் துளைகளை அடைத்து, வாயின் இடது ஓரத்தால் வாசிக்கலாம். அல்லது அந்த ஒன்றுக்கு மட்டும் உதட்டைக் குவித்துவிடலாம். நான் குவிப்பவன். இரண்டும் சரி.

ப்ளூஸ் வாசிக்கிறவர்கள் 'ஸ்லாப்' என்கிறார்களே, அது இதேதானா?

இதே நாக்கு, வரிசை தலைகீழ். தாளத்துக்கு எடுப்பதில் தனி ஸ்வரத்துக்குப் பின் கார்டு வருகிறது. ஸ்லாப்பில் நாக்கு எடுத்த நிலையில் கார்டோடு ஆரம்பித்து, அதே கணத்தில் பொத்தென்று நாக்கை வைப்பது. கார்டு தனியாகக் காதில் விழாது. ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு தடிப்பாக, மிருதங்கத்தில் சொல் விழுவதுபோல விழும்.

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. அதில் பெயர்பெற்ற சிகாகோவின் லிட்டில் வால்டர் (1930–1968) வாசிப்பில் தனி ஸ்வரமே இவ்வளவு கனமாக இருக்கிறதே என்று தோன்றுவதற்கு மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் பாதிக் காரணம் என்றால், நாக்கு மீதிக் காரணம். ப்ளூஸ் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் இழுப்புக் கார்டை மையமாக வைப்பார்கள். சி மவுத் ஆர்கனில் ஜி சுருதிக்கு வாசிப்பது அது. இழுப்பில் 2, 3, 4 சேர்ந்து அவர்களுக்கு வீடு, அதாவது பாட்டு திரும்பி வந்து சேரும் கார்டு. 4 இழுப்பில் ஸ்லாப் பழகுங்கள், பின்னால் ப நி இருப்பதால் தடிப்பு நன்றாக வரும்.

ஆக்டேவ் வாசித்தால் ஊதும்போது அழகு, இழுக்கும்போது அபஸ்வரம். மவுத் ஆர்கன் பழுதா?

பழுது இல்லை, துளைகளின் அடுக்கு அப்படி. ஆக்டேவ் என்றால் ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து ஒலிக்க வைப்பது. நாக்கு நடுவில் இருந்து, இரண்டு ஓரமும் திறந்திருக்கும், அந்த 'ல்' பயிற்சி அப்படியே. ஊதலில் நான்கு துளை கவ்வி நடுவில் இரண்டை அடைத்தால் 1-4 ச ச, 2-5 க க, 3-6 ப ப என்று கடைசி வரை சரியாக வரும். ஊதலில் மூன்று துளைக்கு ஒருமுறை ஸ்வரம் திரும்புகிறது.

இழுப்பில் 1-4 மட்டும் ரி ரி என்று பொருந்தும். 2-5 என்பது ப ம, 3-6 என்பது நி த. கடிக்கத்தான் செய்யும். 3 முதல் மேலே ஐந்து துளை கவ்வி நடுவில் மூன்றை அடைக்க வேண்டும்: 3-7 நி நி, 4-8 ரி ரி, 5-9 ம ம, 6-10 த த. ஆக ஊதல் இழுப்பு மாறும்போது வாயின் அகலமும் மாற வேண்டும். 4-7 ஊதலிலிருந்து 4-8 இழுப்புக்கு, திரும்ப 4-7க்கு என்று இடது ஓரம் அசையாமல் வலது ஓரம் மட்டும் விரிந்து சுருங்கப் பழகுங்கள். 2 இழுப்புக்கு ஆக்டேவ் ஜோடியே கிடையாது, தேட வேண்டாம். 2-5ஐ ப்ளூஸில் வேண்டுமென்றே வாசிப்பார்கள், ஜி செவன்த்தின் இரண்டு முனைகள் அவை.

என் பாட்டு எல்லாம் சோகப் பாட்டு. மைனர் கார்டு இல்லையா?

டி மைனர் இருக்கிறது, 4-5-6 இழுப்பிலும் 8-9-10 இழுப்பிலும். ரி-யை ஆதார ஸ்ருதியாக வைத்து இதே ஸ்வரங்களை வாசித்தால் கிடைப்பது நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். 6 இழுப்பை வாசித்தபடி நாக்கை எடுத்து, 4, 5 மட்டும் சேர்ந்து ஒலிக்க விட்டுப் பாருங்கள், மனதை என்னவோ செய்யும். 3 இழுப்பு கலந்துவிடாமல் நான்குக்குப் பதில் மூன்று துளை மட்டும் கவ்வுங்கள்.

ஏ மைனரை இந்த வாத்தியத்தில் தேடாதீர்கள். எஃப் கிடைக்காத அதே காரணம்: த இழுப்பில், ச க ஊதலில். மைனர் பாட்டுகளே அதிகம் வாசிப்பதென்றால் மைனர் அடுக்கில் செய்த மவுத் ஆர்கன் தனியாகவே வருகிறது. லீ ஆஸ்கர் என்ற கம்பெனி நேச்சுரல் மைனர், ஹார்மோனிக் மைனர் என்று இரண்டும் செய்கிறது.

நண்பனுடைய மவுத் ஆர்கனில் கார்டு தேன் மாதிரி இருக்கிறது. என்னுடையதில் நடுங்குகிறது. இரண்டும் புதுசு, இரண்டும் சி.

சுருதி சேர்க்கும் முறை வேறாக இருக்கும். பியானோவில் உள்ளதுபோல 12 இடைவெளியும் சமமாகச் செய்தால் எந்த மெட்டும் சரியாகக் கேட்கும், ஆனால் கார்டுக்குள் காந்தாரம் இயற்கை அளவைவிட 14 சென்ட் கூடுதலாக நிற்கும். ஒரு அரை ஸ்வரம் 100 சென்ட் என்றால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிதான் நடுக்கம். தம்பூராவில் தானாக எழும் காந்தாரத்துக்குப் பழகிய காதுக்கு இது சட்டென்று தெரியும்.

பழைய மரைன் பேண்டுகளை இயற்கைச் சுருதியில் சேர்த்தார்கள், கார்டு அப்படியே உறைந்து நிற்கும். இப்போது பல மாடல்களில் இரண்டுக்கும் நடுவான அளவு வைக்கிறார்கள். லீ ஆஸ்கர் மேஜர் வகை சம அளவு. கார்டுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் நடுவான அளவுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சம அளவில் இருப்பதை மென்மையாக ஊதினால் நடுக்கம் அவ்வளவு தெரியாது.

குரோமாட்டிக் மவுத் ஆர்கனில் இதே நாக்கு வேலை செய்யுமா?

செய்யும், அங்கே ஒருவகையில் சுலபம். குரோமாட்டிக் என்பது பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் அரை ஸ்வரங்களும் கிடைக்கும் வகை. 12 துளை குரோமாட்டிக்கில் நான்கு துளைக்கு ஒருமுறை எல்லாம் திரும்பும்: ஊதினால் ச க ப ச, இழுத்தால் ரி ம த நி. ஆகவே ஊதலோ இழுப்போ, ஐந்து துளை கவ்வி நடு மூன்றை அடைத்தால் எங்கேயும் ஆக்டேவ். வாய் அகலம் மாறவே வேண்டாம். இழப்பும் உண்டு. இழுப்பில் ப இல்லை, அதனால் ஜி கார்டு இல்லை. ஊதலில் வீடு இருக்கிறது, இழுத்துப் போய் வர ஜி கார்டு இல்லை. தாளமும் கார்டுமாகத் தனியே வாசிக்க டயடானிக்கே எனக்குப் பிடிக்கும்.

நாக்கைத் துளையில் வைத்துக்கொண்டே ஸ்வரத்தை வளைக்க முடியுமா? நாக்கு ஒன்றுதானே?

நாக்கு ஒன்றுதான், ஆனால் முன்பகுதியும் பின்பகுதியும் தனித்தனியாக வேலை செய்யும். முன்பகுதி துளைகளில் 'த' போலப் படிந்திருக்க, பின்பகுதி 'ஈ' என்ற நிலையிலிருந்து 'ஊ' நிலைக்குப் போகட்டும். 4 இழுப்பில் ஆரம்பியுங்கள், ரி அரை ஸ்வரம் இறங்கும். பிறகு 3, கடைசியாக 2. இங்கே ஒரு பரிசு இருக்கிறது. 2 இழுப்பை முழுதாக வளைத்தால் ம, 3 இழுப்பை ஒரு முழு ஸ்வரம் வளைத்தால் த. கார்டுக்காகக் கீழ் ஸ்தாயியில் விட்டுக்கொடுத்த அதே இரண்டு ஸ்வரங்கள். உதட்டைக் குவித்து வளைக்கத் தெரிந்தவர்களுக்கே இது வர மாதக்கணக்கில் ஆகலாம், எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

வளைத்திருக்கும்போது மட்டும் நாக்கை எடுக்காதீர்கள். மெட்டின் ஸ்வரம் கீழே இறங்கி நிற்கும், பக்கத்துத் துளைகள் தம் இடத்திலேயே இருக்கும், இரண்டும் மோதும். முதலில் ஸ்வரத்தை நேராக்கி, அது பழைய இடத்துக்கு வந்து நின்றதைக் காதால் கேட்டு, அதன் பிறகு நாக்கை எடுங்கள்.